கடலூர் உப்புக்காற்றில் ஒரு சப்வூஃபர்

பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரை வீட்டிலேயே செய்வது எப்படி என்று தமிழில் தேடினால், திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பாக்ஸ் அடிப்பவர்களின் வீடியோக்கள்தான் முதலில் வரும். ஆங்கிலத்தில் தேடினால் விவரங்கள் குவிந்து கிடக்கும். ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் குடியிருப்பவர்கள். என் வீடு கடலூர் கூத்தப்பாக்கத்தில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், சாயங்காலமானால் ஜன்னல் வழியே உப்புக்காற்று. அந்த வீட்டுக்கு எழுதிய கணக்கு இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் பணமும், ஒரு மழைக்காலம் முழுவதும் போயின. இதைச் செய்து பார்த்த ஒருவரைக்கூட ஊரில் எனக்குத் தெரியாது. அடுத்து யாராவது இறங்கினால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாடியில் 17 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. ஹோம் தியேட்டருக்கான ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. படத்தில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தால் தகர டப்பா உருளுவதுபோல் கேட்டது. 20 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு இருபது அதிர்வு என்ற அடிமட்ட ஒலி வரை இறங்கும் ரெடிமேட் சப்வூஃபர் எண்பதாயிரம் என்றார்கள். அதில் பாதிக்கு நாமே செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இப்படிக் கணக்குப் போடும் எல்லோரும் பெட்டியையும் ஸ்பீக்கரையும் மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

முதல் ஸ்பீக்கரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். 12 அங்குலம், மேலே பெரிய எழுத்தில் 1200 வாட்ஸ், விலை ஏழாயிரம். டேட்டா ஷீட் கேட்டேன். கடைக்காரர் ஸ்பீக்கரைத் திருப்பி காந்தத்தைக் காட்டி, "இதைவிட என்ன சார் டேட்டா வேணும், தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. அதைக் கிளாம்பாக்கம் வரை சுமந்து வந்து கடலூர் பஸ் பிடித்தபோது இன்னும் கனமாக இருந்தது.

அந்த 1200 உச்சக் கணக்கு. அதை விட்டுவிடுங்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர், எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிடவும் முக்கியமாக மூன்று எண்களைக் கேளுங்கள்: எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ். ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த அளவுகள் இவை. எஃப்எஸ் என்பது ஸ்பீக்கர் தானாக அதிரும் அலைவரிசை. க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லும். விஏஎஸ் என்பது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனைத் தாங்கும் தொங்கல் ஸ்ப்ரிங் மாதிரி எவ்வளவு நெகிழ்கிறதோ, அதே அளவு நெகிழும் காற்றின் கொள்ளளவு. இந்த மூன்றும் கையில் இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு, எந்தப் பெட்டியில் எப்படி ஒலிக்கும் என்று பலகை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இல்லாமல் பெட்டி செய்வது, கண்ணாடிக் கடையில் பவர் சொல்லாமல் கண்ணாடி வாங்குகிற வேலை.

டேட்டா ஷீட் இல்லாத ஸ்பீக்கர் ஏற்கெனவே கையில் இருந்தாலும் வழி உண்டு. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின் எதிர்ப்பை அளக்கும் வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் ஒரு ரெசிஸ்டரும் இரண்டு வயரும் போதும். வரைபடத்தில் மலை மாதிரி எழும் இடம்தான் எஃப்எஸ். விஏஎஸ் கண்டுபிடிக்க, கோன் மேல் தெரிந்த ஓர் எடையை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். அதற்குப் பத்து ரூபாய் நாணயம் வசதி. ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம், ஐந்து ஒட்டினால் 38 கிராமுக்குச் சற்று மேல். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகு நாணயங்களை வைக்காதீர்கள், ஸ்பீக்கரின் காந்தம் அவற்றை இழுத்து அளவைக் கெடுத்துவிடும். என் ஸ்பீக்கருக்கு எஃப்எஸ் 38 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.6 என்று வந்தது. அதாவது அது காருக்கான ஸ்பீக்கர். அந்த க்யூடிஎஸ்ஸுக்கு, பேஸைக் கூட்டிக் கொடுக்கக் காற்றுக் குழாய் வைத்த பெட்டி சரிப்படாது, தும் தும் என்று ஒரே சுருதியில்தான் முழங்கும். இந்த அளவையெல்லாம் எடுத்தபோது குழாய் வைத்த பெட்டி ஏற்கெனவே அறையில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெட்டியைச் செய்தது மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறை. பலகை எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாவற்றிலும் எம்டிஎஃப்தான் சொல்லியிருக்கும். கனமானது, சீரானது, அதிராது என்று காரணமும் இருக்கும், எல்லாம் உண்மைதான். எழுதியவர்கள் வீட்டில் ஐப்பசி கார்த்திகை வருவதில்லை, அவ்வளவுதான். 85 லிட்டர் பெட்டி, அதில் நான்கு அங்குல பிவிசி குழாய். பலகைக்கும் கூலிக்கும் ஐயாயிரத்து ஐந்நூறு. சத்தம் கொஞ்சம் கூட்டினாலே குழாயிலிருந்து புஸ் புஸ் என்று காற்று சீறியது. குழாய் குறுகல் என்பதால் அதில் காற்று வேகமெடுக்கிறது. ஆறு அங்குலக் குழாய் போட்டால் தீரும் என்று படித்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். 85 லிட்டரை 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய நான்கு அங்குலக் குழாய் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம் போதும், ஆறு அங்குலமென்றால் 90 சென்டிமீட்டர் வேண்டும். பெட்டியே அவ்வளவு ஆழம் இல்லை. குழாய் அகலமானால் நீளமும் கூடும் என்பதைப் பெட்டியின் அளவை முடிவு செய்யும் நாளிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் கதையை முடித்து வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாடியில் வெள்ளம் இல்லை. ஆனால் ஜன்னல் விளிம்பில் கசிந்த மழைநீர் சுவரோரமாக இறங்கி, பெட்டியின் அடியில் போய் நின்றிருக்கிறது. கரண்ட் இல்லை, ஊரில் தென்பெண்ணை வெள்ளம், சப்வூஃபரைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்? எல்லாம் ஓய்ந்து ஒருநாள் பார்த்தால் அடிப்பலகை ஓரம் ஓரமாக உப்பி, ஒட்டிய இடமெல்லாம் விட்டிருந்தது. எம்டிஎஃப் ஒருமுறை ஊறிவிட்டால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. தூக்கிப் போட வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால், அந்தப் பெட்டி செத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அது ஒலித்த விதத்துக்கு அதைக் காப்பாற்ற வேறு பாடுபட வேண்டியிருக்குமே என்று பயந்துகொண்டிருந்தேன். வீட்டில் மட்டும், "பன்னண்டாயிரத்தைக் கரைச்சாச்சு, இனி என்ன?" என்று ஒரு கேள்வி வந்தது. பதில் சொல்லத் தைரியம் வரக் கொஞ்ச காலம் ஆயிற்று.

இரண்டாம் முறை அறையிலிருந்து தொடங்கினேன். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த நீளத்துக்குரிய முதல் அதிர்வு கிடைக்கும். 17 அடிக்கு 33 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசைகளில் சில இடங்களில் சத்தம் குவியும், சில இடங்களில் ஒன்றுமே கேட்காது. ஜிப்சம் பலகைச் சுவர் தானும் கொஞ்சம் அசைந்து பேஸில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவர் அசையாது, வாங்கியதை அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் நம் அறைகளில் இந்தக் குவியல்கள் மூர்க்கமாக இருக்கும். அதே காரணத்தால் ஒரு லாபமும் உண்டு. 33 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறை முழுவதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்குவதால், தாழ்ந்த ஒலியை அறையே தூக்கிக் கொடுக்கும். குழாய் இல்லாத மூடிய பெட்டியின் ஒலி கீழே போகப் போக மெதுவாகத்தான் சரியும். அந்தச் சரிவை அறை தரும் ஏற்றம் பெருமளவு ஈடுகட்டிவிடும். குழாய் வைத்த பெட்டி செங்குத்தாக விழும், ஆனால் விழுவதற்கு முன்பு அறையின் ஏற்றத்தோடு சேர்ந்து முழங்கித் தீர்த்துவிடும். செங்கல் வீட்டுச் சின்ன அறைக்கு மூடிய பெட்டிதான் என்பது என் முடிவு. பெரிய ஹால், எப்போதும் திறந்தே கிடக்கும் கதவுகள் என்றால் வேறு கணக்கு.

இந்த முறை டேட்டா ஷீட்டோடு வருகிற, வீட்டு சப்வூஃபருக்கென்றே செய்த 12 அங்குல ஸ்பீக்கரை ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கினேன். இருபத்து நான்காயிரம். எஃப்எஸ் 24, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 85 லிட்டர். பெட்டியின் வெளியளவு ஒவ்வொரு பக்கமும் 18 அங்குலம், முன்பக்கம் மட்டும் இரட்டைப் பலகை. உள்ளே தாங்குகட்டையும் ஸ்பீக்கரும் பிடிக்கும் இடம் போக ஏறக்குறைய 63 லிட்டர் மிஞ்சும். அதற்கு ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த மொத்த க்யூ 0.7 வருகிறது, அது நல்ல சமநிலை. காகிதக் கணக்கில் 37 ஹெர்ட்ஸ் அருகே சரியத் தொடங்க வேண்டும். பின்னால் மைக் வாங்கி அறையில் கதவை மூடி அளந்தபோது 20 வரை தாங்கியது. ஜன்னலைத் திறந்து அளந்தேன், கீழ்ப்பகுதி கண்முன்னே இறங்கியது. சுவர் தருவதை ஜன்னல் வாங்கிக்கொள்ளும்.

கடலோரம் என்பதால் ஸ்பீக்கரிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும், ஃபோம் வளையம் ஈரத்தில் சீக்கிரம் பொடிந்துவிடும். கூடு வார்ப்பு அலுமினியமாக இருந்தால் நல்லது, தகரக் கூடு துரு பிடிக்கும். திருகுகள் எல்லாம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்புத் திருகு எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தலை செவந்துவிடும். ஸ்பீக்கரை நேராகப் பலகையில் திருகாமல் பலகையின் பின்னால் பதிக்கும் மரையான டி-நட் வைத்துப் போல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் திருகு துளை தளர்ந்துகொண்டே போகும்.

பலகை 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். கடையில் வெறுமனே வாட்டர் ப்ரூஃப் என்று கேட்டால் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் இந்தியத் தர எண் ஐஎஸ் 303. மரைன் என்றால் ஐஎஸ் 710 என்ற எண் பலகை மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது, பாதிதான் செலவானது. கடையிலேயே பேனல் ரம்பத்தில் வெட்டி வாங்கிவிடுங்கள். கையால் வெட்டினால் ஏழு பலகையும் ஏழு அளவாக இருக்கும்.

ஆசாரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பிடித்தவர் நல்ல வேலைக்காரர், கட்டில் அலமாரியில் அவர் கை பேசும். ஆனால் அலமாரியில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் பட்டி வைத்து மூடி மேலே மைக்கா ஒட்டிவிடலாம். இங்கே ஊசித் துளையிலும் காற்று விசிலடிக்கும். "இதுக்குள்ள என்ன சார் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். காற்று என்றேன். ஒரு பார்வை பார்த்தார். சைக்கிள் டியூபை உதாரணம் காட்டியதும்தான் பிடிபட்டது. அப்புறம் அவரே எல்லா மூலையிலும் உள்பக்கம் பசையைப் பட்டையாக இழுத்துவிட்டார். ஆணியடித்து முடித்துவிடாமல், பசை போட்டுக் கிளாம்பில் ஒரு இரவு இறுக்கி வைக்கச் சொல்லுங்கள், அதற்கான கூலியை முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார், குற்றம் சொல்ல முடியாது. கசிவைச் சோதிக்க ஊதுபத்தி போதும். 25 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு விளிம்பெல்லாம் புகையைக் காட்டுங்கள், ஓட்டை உள்ள இடத்தில் புகை வெட்டி வெட்டி ஆடும். எனக்குப் பின்பக்கம் வயர் வெளியே வரும் துளையில் ஆடியது, சிலிகான் வைத்து அடைத்தேன்.

ஆம்ப்ளிஃபையர் பதினெட்டாயிரம், பெட்டிப் பின்பக்கம் பதிக்கிற ரகம், ஒலியின் மேடு பள்ளத்தைத் திருத்தும் டிஎஸ்பி உள்ளேயே இருக்கிறது. இந்த வகையில் 115 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவையும் சந்தையில் உண்டு. 230 வோல்ட் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் ப்ளக் சொருகுவதற்கு முன்பு அது எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள். பொருத்தியதும் எனக்குக் கிடைத்தது ஓயாத உம்ம்ம் சத்தம். இரவெல்லாம் எர்த்தைச் சந்தேகித்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்ததில் செட்டாப் பாக்ஸுக்கு வருகிற கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் நின்றது. அந்த வயரின் எர்த்தும் நம் வீட்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததால் வரும் சத்தம் அது. அந்த வயரில் போட ஐசொலேட்டர் கிடைக்கிறது. இதற்கு மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது வேறொரு ரீங்காரம் வரும், அது இன்வெர்ட்டரின் குணம்.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வேடிக்கையான முறை இருக்கிறது. சப்வூஃபரை நாம் உட்காரும் சோபா மேல் வைத்துப் பேஸ் உள்ள ஒலியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கேட்க வேண்டும். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் அதன் இடம். முப்பது கிலோ பெட்டியைச் சோபாவில் ஏற்றிவிட்டு முட்டி போட்டுப் போய்க்கொண்டிருந்தேன், காபி கொண்டு வந்த மனைவி, "என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். நீளச் சுவரின் நடுப்பகுதி எனக்கு ஒத்துவந்தது. நீளவாட்டில் சரிபாதியில் வைத்தால் அந்த 33 ஹெர்ட்ஸை அது அதிகம் கிளப்பாது. சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்ததில் மிச்சமும் அடங்கியது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் ஒலியை அளப்பதற்கென்றே உள்ள யூமிக்-1 மைக் வாங்கினேன், பதினோராயிரம். கை நடுங்கத்தான் வாங்கினேன். ஆனால் மொத்தச் செலவில் முதலில் செய்திருக்க வேண்டிய செலவு அதுதான் என்பேன். காது ஏமாறும், வரைபடம் ஏமாறாது. மேடுகளை டிஎஸ்பியில் வெட்டுங்கள். பள்ளங்களை ஏற்ற முயலாதீர்கள். 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு பவர் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. அவ்வளவு கொடுத்தாலும் அலையே தன்னை ரத்து செய்துகொள்ளும் பள்ளம் நிரம்பாது, ஸ்பீக்கர்தான் எரியும். எனக்கு 51 ஹெர்ட்ஸில் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அறையின் அகலத்தில் சரியாக நடுவே உட்காருவதால் வருவது, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் குறைகிறது. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கர்களையும் ஸ்மால் என்று வைத்து, பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள், அங்கிருந்து தொடங்குவது எல்லோருக்கும் சரிப்படும்.

இவ்வளவும் முடித்துப் படம் போட்டால் அறையே பேசியது. பீரோ கதவு, டியூப் லைட் பட்டி, ஏசி மடல், ஜன்னல் கொக்கி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலைவரிசையில். 20இலிருந்து 80 வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, எது எங்கே கடகடக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஃபெல்ட்டும் ரப்பரும் வைத்து அடக்கினேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் பலன் உடனே தெரியும். அடக்க முடியாதது கீழ் வீடு. அந்த அக்கா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, வாசல்ல லாரி நிக்குதுன்னு ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டேன்" என்றார். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே பதினொரு மீட்டருக்கு மேல், நாம் ஒட்டும் ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் சப்வூஃபரைப் பத்து டெசிபல் குறைப்பது என்று பேசி முடித்தோம். கீழே ஆள் குடியிருந்தால் பெட்டி செய்வதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

செலவைக் கூட்டிப் பார்க்கலாம். ஸ்பீக்கர் 24,000, ஆம்ப் 18,000, பலகையும் கூலியும் 7,500, திருகு, வயர், பசை 1,500, மைக் 11,000. மொத்தம் 62,000. முதல் முயற்சியில் போன 12,500ஐச் சேர்த்தால் 74,500. எண்பதாயிரத்துக்குப் பெட்டியோடு வாரண்டியும் கொடுத்திருப்பார்கள். பணம் மிச்சம் பிடிக்க இதில் இறங்கினால் ஏமாற்றம்தான், கையால் செய்வதில் ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அந்த 51 ஹெர்ட்ஸ் பள்ளத்துக்கு முறையான வைத்தியம் இரண்டாவது சப்வூஃபர். வேறு இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது ஓரளவு நிரப்பும். மைக் கையில் இருப்பதால் இன்னொரு ஐம்பதாயிரத்தில் முடியும். மிச்சமிருந்த பாதி ப்ளைவுட் அதற்குச் சரியாக இருக்கும் என்று எடுத்து வைத்திருந்தேன். போன மாதம் அது சமையலறை அலமாரியாகிவிட்டது, வேலை பார்த்தவர் அதே ஆசாரி.